இந்தப் பெட்டியில் ஓடுமா

என் மனைவி அந்த வீடியோவை அனுப்பியபோது நான் தக்கலையிலிருந்து திருவட்டாறு வரும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். மஸ்கட்டில் அவளுக்கு அன்று பகல் டூட்டி. சாப்பாட்டு இடைவேளையில் அனுப்பியிருக்கிறாள். இரண்டரை நிமிடப் படம். பனி மூடிய மலை, மலைக்குக் கீழே ஒரு ஆறு, ஆற்றங்கரையில் இரண்டு பேர் ஒரு மரத்தடியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வருகிறார்கள். படத்தோடு ஒரு குரல் செய்தியும் வந்திருந்தது. பஸ் இரைச்சலில் போனைக் காதோடு அழுத்திக் கேட்டேன்.

"பாத்தியளா? நம்ம வெளையாட்டுக்கு ரெண்டாம் பாகம் வருது. கிறிஸ்மசுக்கு முன்ன வந்துரும்னு போட்டிருக்கு. நம்ம பெட்டியில ஓடுமான்னு பாத்துச் சொல்லுங்க."

பெட்டி என்று நாங்கள் சொல்வது வீட்டில் இருக்கும் கம்ப்யூட்டரை. நான் ஒரு சிரித்த முகத்தை அனுப்பிவிட்டு, வீடு வந்து சேருவதற்குள் அந்தப் படத்தை நான்கு தடவை பார்த்தேன். ஆற்றுத் தண்ணீர் பாறையில் மோதித் தெறித்தது. தெறித்த துளிகளில் வெயில் பட்டது. முதல் தடவை பார்க்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, இந்தத் தண்ணீரை என் பெட்டியால் காட்ட முடியாது என்று.

அவள் நர்ஸ். ஒன்பது வருடமாக மஸ்கட்டில் ஒரு ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கிறாள். நான் வீட்டு பிளான் வரைகிறவன். எங்கள் ஒரே மகள் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். ஆக, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவிலிருக்கும் எங்கள் வீட்டில் நான் மட்டும்தான். வருடத்தில் நாற்பது நாள் அவள் விடுப்பில் வருவாள். மற்ற நாட்களில் போன். அந்தப் போன் பேச்சு எப்படி இருக்கும் என்றால், சாப்பிட்டியளா, மழை உண்டா, பிள்ளை கூப்பிட்டாளா. இந்த மூன்றும் முடிந்தால் இரண்டு பேரும் அடுத்தவர் ஏதாவது பேசட்டும் என்று காத்திருப்போம். பிறகு, சரி வைக்கட்டா.

கொரோனா காலத்தில் அவளால் ஒன்றரை வருடம் ஊருக்கு வர முடியவில்லை. அப்போது அவளோடு அறையில் தங்கியிருந்த கோட்டயத்துப் பெண் அவளுக்கு ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டைப் பழக்கிவிட்டாள். யாரும் இல்லாத ஒரு தீவில் இரண்டு பேர் கரை ஒதுங்கியிருப்பார்கள். மரம் வெட்ட வேண்டும், மீன் பிடிக்க வேண்டும், மழைக்கு முன்னால் ஒரு கூரை போட வேண்டும். இருட்டினால் ஓநாய் வரும். அவள் லேப்டாப்பில் ஆடத் தொடங்கி, என்னையும் இழுத்துவிட்டாள். சபைக் கமிட்டியில் இருக்கிற ஆள், நாற்பதைத் தாண்டியவன், இதெல்லாம் எனக்கு எதற்கு என்று முதலில் சொன்னேன். இரண்டே வாரத்தில் சனிக்கிழமை எப்போது வரும் என்று இருக்க ஆரம்பித்தேன்.

அவள் மரம் வெட்டுவாள். ஓநாயை விரட்டுவதும் அவள்தான். எனக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை, மூன்று தடவை கடிபட்டுச் செத்திருக்கிறேன். நான் வீடு கட்டுவேன். போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்துவிட்டு ஆடும்போது, கையும் கண்ணும் வேறு வேலையில் இருப்பதாலோ என்னவோ, பேச்சு தானாக வரும். ஒரு சனிக்கிழமை மரம் வெட்டிக்கொண்டே அன்று காலையில் தன் கையைப் பிடித்தபடி இறந்துபோன ஒரு பெரியவரைப் பற்றிச் சொன்னாள். அவருடைய மோதிரத்தைக் கழற்றி மகனிடம் கொடுத்தாளாம். மகன் அதை வாங்கித் தன் விரலில் போட்டுப் பார்த்தானாம், சேரவில்லையாம். ஒன்பது வருடத்தில் வார்டில் நடந்த ஒரு சங்கதியை அவள் எனக்கு முழுதாகச் சொன்னது அன்றுதான். வெறும் போனில் சொல்லியிருக்க மாட்டாள்.

அதனால் அந்த இரண்டாம் பாகம் எனக்கு வெறும் விளையாட்டாகத் தெரியவில்லை. எல்லோரும் புதியதற்குப் போய்விடுவார்கள், அவளும் போய்விடுவாள், நான் மட்டும் பழைய தீவில் கிடப்பேன் என்று ஒரு பயம் வந்து உட்கார்ந்துகொண்டது.

விளையாட்டைச் செய்தவர்கள் இரண்டு பட்டியல் வெளியிட்டிருந்தார்கள். குறைந்தபட்சம் இது வேண்டும், நன்றாக ஓட இது வேண்டும். பிளான் அளவு குறிக்கும் நோட்டில் நடுவே ஒரு கோடு போட்டு, ஒரு பக்கம் அவர்கள் கேட்பது, மறுபக்கம் என்னிடம் இருப்பது என்று எழுதினேன். மெமரி பாதிதான் இருந்தது. கிராஃபிக்ஸ் கார்டு அவர்கள் கேட்டதில் மூன்றில் ஒரு பங்கு. பிராசசர் பட்டியலிலேயே இல்லாத வயதுடையது. பத்து வருடத்துக்கு முன்னால், வீட்டு பிளான் வரைவதற்கென்று என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்த ஒருவன் மார்த்தாண்டத்தில் பாகம் பாகமாகக் கூட்டிக் கொடுத்த பெட்டி அது. அன்றைக்கு அது நல்ல பெட்டி.

அதன் பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. உங்கள் கம்ப்யூட்டரில் இந்த விளையாட்டு ஓடுமா என்று பார்த்துச் சொல்லும் இணையதளங்கள் இருக்கின்றன. ஒன்றில் போட்டேன், சிவப்பில் பெருக்கல் குறி காட்டியது. வேறொன்றில் போட்டேன், அங்கேயும் சிவப்பு. மூன்றாவதில் மஞ்சள் வந்தது, ஓடலாம் ஆனால் உறுதி இல்லை என்று. அந்த மூன்றாவதையே தினமும் போய்ப் பார்த்தேன். என்னிடம் இருப்பது போன்ற பழைய கார்டை வைத்துப் புது விளையாட்டுகளை ஓட்டிக் காட்டும் ஒரு வெளிநாட்டுப் பையனின் வீடியோக்களைப் பார்த்தேன். அவன் பேசுவது என்ன பாஷை என்றே தெரியாது. ஒரு நொடிக்கு எத்தனை படம் ஓடுகிறது என்று திரையின் மூலையில் காட்டும் எண்ணைத்தான் பார்ப்பேன். முப்பதுக்கு மேல் இருந்தால் எனக்குள் ஏதோ இளகும். இருபதுக்குக் கீழே போனால் எழுந்து முற்றத்தில் நடப்பேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் போதகர் பேசிக்கொண்டிருக்கும்போது, மெமரியை மட்டும் கூட்டினால் போதுமோ என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒவ்வொரு வாரமும் அவள் கேட்டாள். முதல் வாரம், பார்க்கிறேன் என்றேன். இரண்டாவது வாரம், ஓடும் என்றுதான் தோன்றுகிறது என்றேன். மூன்றாவது வாரம் அவள் ரொம்ப உற்சாகத்தில் இருந்தாள். புது மலையில் எங்கே வீடு கட்டலாம் என்று கேட்டாள். ஓடும் என்று சொல்லிவிட்டேன்.

புதிதாக ஒரு பெட்டி வாங்கியிருக்கலாமே என்று யாரும் கேட்பார்கள். வாங்கலாம், அவளிடம் சொன்னால் மறுவாரமே பணம் வந்துவிடும். சொல்ல முடியாமல் இருந்ததற்குக் காரணம் வேறு. தக்கலையில் ஒரு எஞ்சினியருக்குத்தான் பன்னிரண்டு வருடமாக பிளான் வரைந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். இப்போது வீடு கட்டுகிறவர்கள் தாளில் கோடு பார்ப்பதில்லை. துபாயில் இருந்துகொண்டே போனில் வீட்டுக்குள் நடந்து பார்க்க வேண்டும் என்கிறார்கள். சுவரின் நிறம், ஜன்னல் வழியாக விழும் வெயில் எல்லாம் தெரிய வேண்டும். அப்படிக் காட்டும் சாஃப்ட்வேருக்கும் புதிய பெட்டிதான் வேண்டும், அதைப் படிக்கவும் வேண்டும். இரண்டையும் நான் தள்ளிப்போட்டேன். எஞ்சினியர் ஒன்றும் சத்தம் போடவில்லை. வேலை கொடுப்பதை மட்டும் நிறுத்திவிட்டார். நான்கு மாதம் ஆகியிருந்தது. அவள் அந்த வீடியோவை அனுப்பிய நாளில்கூட நான் அவர் ஆபீசில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வெறுங்கையோடு திரும்பிக்கொண்டிருந்தேன். வேலை எப்படிப் போகிறது என்று அவள் கேட்டால், போகிறது என்பேன்.

பெட்டி போதாது என்று சொன்னால், பிளான் வரைவதற்குப் போதுகிறதா என்று அடுத்த கேள்வி வரும். அவள் அப்படிக் கேட்கக்கூடியவள்.

ஒரு திங்கட்கிழமை பெட்டியைப் பெட்ஷீட்டில் சுற்றி ஆட்டோவில் வைத்து மார்த்தாண்டம் கொண்டுபோனேன். பழைய பள்ளித் தோழனின் கடை மேம்பாலத்துக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கிறது. மூடியைத் திறந்ததும் உள்ளேயிருந்து இரண்டு பல்லி முட்டை உருண்டு வந்தது. அவன் அவற்றை ஒரு காகிதத்தில் எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, ஊதித் துடைத்து, வெகுநேரம் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தான். என்ன விளையாட்டு என்று கேட்டான். போனில் பட்டியலைக் காட்டினேன். படித்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"மக்கா, மெமரி கூட்டித் தாரேன். டிஸ்க்கும் மாத்துதேன். கொஞ்சம் வேகம் கிட்டும். ஆனா புது கார்டு இந்த போர்டுல நிக்காது. போர்ட மாத்துனா பிராசசர மாத்தணும். பொறவு இதுல மிச்சம் இந்தத் தகரம் மட்டுந்தான்."

"ஓடவே ஓடாதா?"

"தொறக்கும். நடக்குமான்னு கேட்டா எனக்குத் தெரியாது."

திறக்கும் என்று சொன்னானே, அதைப் பிடித்துக்கொண்டேன். மெமரியும் டிஸ்க்கும் மாற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பெட்டி முன்னைவிடச் சீக்கிரம் விழித்தது. நாள் முழுக்க அதை அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பது நொடி எடுத்துக்கொண்டிருந்தது பன்னிரண்டு நொடிக்கு வந்திருந்தது. எனக்கு நம்பிக்கை வரத் தொடங்கியது.

விளையாட்டு வெளிவருவதற்கு இரண்டு வாரம் முன்னால், ஒரு சனியும் ஞாயிறும் யார் வேண்டுமானாலும் இலவசமாக ஆடிப் பார்க்கலாம் என்று அறிவித்தார்கள். அவள் யாரிடமோ கெஞ்சி டூட்டி மாற்றிக்கொண்டாள். நான் வியாழக்கிழமையே இறக்கத் தொடங்கினேன். ஐப்பசியின் துலா மழை நேரம், மதியம் தாண்டினால் இடி வெட்டும், இடி வெட்டினால் எங்கள் பக்கத்தில் எல்லோரும் முதலில் நெட் வயரைத்தான் கழற்றி வைப்போம். கழற்றி, மாட்டி, கழற்றி, மாட்டி, வெள்ளிக்கிழமை சாயங்காலம் முழுதாக இறங்கியது. தனியாக ஒரு தடவை ஓட்டிப் பார்த்திருக்கலாம். பயத்தில் பார்க்கவில்லை.

சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு உட்கார்ந்தேன். பெட்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேனை அதற்கு நேராகத் திருப்பி வைத்திருந்தேன். படம் எவ்வளவு துல்லியமாகத் தெரிய வேண்டும் என்ற அமைப்பையெல்லாம் ஆகக் குறைந்ததற்கு இறக்கினேன். விளையாட்டு திறந்தது. என் தோழன் சொன்னது சரி. மலை மாவுக் கட்டி போலத் தெரிந்தது. மரங்களுக்கு இலை வரவில்லை, குச்சி குச்சியாக நின்றன. விளையாட்டில் என் மனைவியாக வரும் ஆள் தூரத்திலிருந்து ஓடி வந்தபோது முகத்தில் கண்கள் இல்லை. ஆனாலும் அசைந்தது. நான் நடந்தேன். ஒரு கால் மணி நேரம் நன்றாகத்தான் போயிற்று. அவள் வானத்தைப் பாருங்கள், தரையில் விழும் கால்தடத்தைப் பாருங்கள் என்று சொல்லிக்கொண்டே போனாள். எனக்கு எதுவும் தெரியவில்லை. ஆமா, ஆமா என்றேன்.

ஆற்றங்கரைக்கு வந்ததும் திரை நின்றுவிட்டது. பெட்டிக்குள் இருந்த விசிறி மாவு மில் போல இரைந்தது. போனில் அவள் குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது.

"வாங்க. ஏன் அங்கயே நிக்கிதிய?"

நெட் இழுக்குது என்றேன். பெட்டியை அணைத்துப் போட்டேன். மறுபடியும் உள்ளே போனேன், ஆற்றைப் பார்த்ததும் மறுபடியும் நின்றது. மூன்றாவது தடவை திரை கறுப்பாகிவிட்டது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. சுவிட்சை அழுத்திக்கொண்டிருந்தேன், அது எழும்பவில்லை. பிறகு கேட்டாள்.

"நெட்டா, பெட்டியா?"

"பெட்டி."

"எப்பம் தெரியும்?"

"நீ வீடியோ அனுப்புன அண்ணைக்கே."

அவள் லேப்டாப்பிலிருந்து ஆற்றின் சத்தம் போன் வழியாக எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் அதை நிறுத்தினாள்.

"பின்ன எதுக்கு ஓடும்னு சொன்னிய? ரெண்டு மாசமா நான் கேட்டுட்டு இருக்கேன். வேற என்னத்தையெல்லாம் மறச்சு வச்சிருக்கிய?"

கோபமாகக் கேட்டிருந்தால் நானும் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். நோயாளியிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்பது போலக் கேட்டாள். சொல்லிவிட்டேன். எஞ்சினியர் வேலை கொடுப்பதை நிறுத்தியது, நான்கு மாதம், அது ஆறாகப்போவது, ஆபீசில் போய்ச் சும்மா உட்கார்ந்திருந்தது எல்லாம். சொல்லும்போது ஃபேனை அணைக்கத் தோன்றவில்லை. கறுத்துக் கிடந்த பெட்டிக்கு அது காற்று வீசிக்கொண்டே இருந்தது.

எல்லாம் கேட்டுவிட்டு அவள், "எனக்கும் ஒண்ணு சொல்லணும்" என்றாள்.

மார்ச் மாதம் அவளுடைய ஒப்பந்தம் முடிகிறது. மொத்தமாக ஊருக்கு வந்துவிடுவதென்றுதான் இரண்டு வருடமாகப் பேசிவைத்திருந்தோம். போன மாதம் அவள் இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டாளாம். வார்டுக்கு அவளைப் பொறுப்பாகப் போட்டிருக்கிறார்களாம்.

"பிள்ளைக்குத் தெரியுமா?"

"தெரியும். உங்ககிட்ட நான்தான் சொல்லணும்னு சொன்னா."

நான் வேலை இல்லாமல் இருப்பது முன்னாலேயே தெரிந்துதான் போட்டாயா என்று கேட்டேன். இல்லை என்றாள். பணத்துக்காக இல்லை என்றாள். "நான் அங்க வந்து என்ன செய்யணும்? இஞ்ச எனக்கொரு வேல இருக்கு. நான் நல்லா செய்யுத வேலயாக்கும். விட மனசில்ல." சரி வைக்கட்டா என்றாள்.

மூன்று நாள் நாங்கள் பேசவில்லை. அந்த மூன்று நாளும் நான் வீட்டில் ஒரு இடத்தில் இருக்கவில்லை. மழை விட்டால் குடையை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவேன். ஆற்றூர்வரை நடப்பேன், வேலை எதுவும் இல்லாமல் திருவட்டாறு பஸ் ஸ்டாண்டில் நின்று போகிற பஸ்ஸையெல்லாம் பார்ப்பேன். ஒரு நேரம் அவள்மேல் ஆத்திரம் வரும், என்னைக் கேட்காமல் எப்படிக் கையெழுத்துப் போடலாம் என்று. அடுத்த வளைவில், நான் எதைக் கேட்டுச் செய்தேன் என்று தோன்றும். மகளைக் கூப்பிட்டேன். அவள், அப்பா நீங்க ரெண்டு பேரும் பேசுங்க, எனக்குப் பரீட்சை இருக்கு என்று சொல்லிவிட்டாள்.

புதன்கிழமை காலையில் மனைவி கூப்பிட்டாள். சாப்பிட்டியளா என்று கேட்கவில்லை. அந்த வீட்டைக் காட்டும் சாஃப்ட்வேருக்கு என்ன பெட்டி வேண்டும், எழுதி அனுப்புங்கள் என்றாள். எனக்கு இனி அதெல்லாம் வராது என்றேன்.

"வராதுன்னு எப்படித் தெரியும்? படிச்சுப் பாத்தியளா?"

"நாப்பத்தஞ்சு வயசாச்சு ஏட்டி."

"எனக்க வார்டுல வருசத்துக்கு ரெண்டு மிசின் புதுசா வருது. எனக்கு வயசு நாப்பத்திரெண்டு. நான் படிக்கல்லியா?"

பத்து நிமிடம் சண்டை போட்டோம். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் போனில் நாங்கள் போட்ட நீளமான சண்டை அதுதான். அவள் கையெழுத்துப் போட்ட இரண்டு வருடத்தைப் பற்றியும் அன்று கேட்டேன், அவளும் மறைக்காமல் திருப்பிச் சொன்னாள். கடைசியில் பட்டியலை அனுப்பினேன். மார்த்தாண்டத்துத் தோழன் மறுவாரம் புதிதாக ஒன்று கூட்டித் தந்தான். பழையதிலிருந்து நான் புதிதாகப் போட்ட டிஸ்க்கை மட்டும் எடுத்து இதில் மாட்டினான். மெமரி சேரவில்லை.

விளையாட்டு வெளிவந்தது. நாங்கள் இருவரும் வாங்கவில்லை. முதலில் படித்து முடியுங்கள், பிறகு பார்க்கலாம் என்று அவள் கறாராகச் சொல்லிவிட்டாள். நான் வீடியோக்களைப் பார்த்துப் படித்தேன். முதல் மாதம் சுவரை எழுப்பினால் கூரை வேறெங்கோ நின்றது. ஒரு நாள் பொறுக்க முடியாமல் மவுஸைச் சுவரில் எறிந்தேன். கிறிஸ்மஸ் கழிந்து நாகர்கோவிலில் ஒரு எஞ்சினியர் ஒரு வீட்டைச் செய்து பார்க்கக் கொடுத்தார். கடியப்பட்டணத்தில் விசைப்படகு வைத்திருக்கும் ஒருவருடைய வீடு. அவர் போனில் வாசல் வழியாக உள்ளே போய்ப் பார்த்துவிட்டு, படுக்கையறை ஜன்னலில் கடல் தெரியவில்லையே என்று கேட்டார். நான் ஜன்னலை ஒரு அடி தள்ளி வைத்தேன். அது அவருக்குப் பிடித்தது. அதன் பிறகு அந்த ஆபீசிலிருந்து மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ வருகிறது. முன்னைப்போல் இல்லை, ஆனால் வருகிறது.

பிப்ரவரியில் விளையாட்டை வாங்கினோம். முதல் சனிக்கிழமை அவளுக்கு அவசர டூட்டி. அடுத்த வாரம் எங்கள் பக்கத்தில் நெட் இல்லை. மூன்றாவது வாரம்தான் சேர்ந்து உள்ளே போனோம். இலை, தண்ணீர், அவள் ஆளின் முகம், எல்லாம் தெரிந்தது. முதல் அரை மணி நேரம் இரண்டு பேரும் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தோம், பேச்சே இல்லை.

பிறகு அவள் மரம் வெட்டத் தொடங்கினாள். நான் கரையிலிருந்து சற்று மேடான ஒரு இடம் பார்த்தேன். ரெண்டு வருசம் கழிஞ்சு என்ன யோசனை என்று கேட்டேன். வாரம் முழுக்க அதைக் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"இப்பம் எனக்குத் தெரியாது. தெரிஞ்சா மொதல்ல உங்ககிட்டதான் சொல்லுவேன்."

அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. இன்றைக்கும் போதவில்லை. ஆனால் அதில் பொய் இல்லை என்று தெரிந்தது. அவள் நான்கு தடியைக் கொண்டுவந்து என் பக்கத்தில் போட்டுவிட்டு, சமையலறையை எந்தப் பக்கம் வைக்கப் போகிறீர்கள் என்று கேட்டாள். தென்கிழக்கில் என்றேன். காற்று அங்கிருந்துதான் வருகிறது, புகையெல்லாம் வீட்டுக்குள் வரும் என்றாள். நாங்கள் அதைப் பற்றி வெகுநேரம் வாதாடினோம்.